டொப்ளர் ஸ்கானுக்குப் போனாக்கள் ஆரும் இருக்கிறியளே? என்ர கதை இது

சைக்கிள்காரன்:
வயசு 52, சீனி வருத்தம் 11 வருசம். விறைப்புக் குறைவுக்கு ஆண்குறியின்ர ரத்த ஓட்டம் பாக்கிற ஸ்கான் எண்டு இஞ்ச விளங்கப்படுத்தத் தேவையில்லைத்தானே. விறைப்பு வர அதில ஊசி போட்டிட்டு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா ரத்த ஓட்டம் அளக்கினம், ஊசி நுளம்புக்கடி மாதிரித்தான். ஆனா வெளி ஹோலில முப்பது பேர் இருக்கேக்க துண்டு குடுக்கிற பிள்ளை என்ர பேரோட எந்த இடத்து ஸ்கான் எண்டதையும் சேத்து உரத்து வாசிச்சுப்போட்டுது. பக்கத்தில இருந்தவர் மனுசிக்குப் பெரியப்பா முறை. அவர் ஒண்டும் கேக்கேல்ல, ஹோலுக்குள்ளயே குடையை விரிக்கிறதும் சுருக்கிறதுமா இருந்தார். ரிப்போட்டில ரத்தம் பாயிற உச்ச வேகம் செக்கனுக்கு 19 சென்ரிமீற்றர், 25க்குக் கீழ எண்டா நாடியில அடைப்பாம். அதைவிட அந்தக் குடைதான் இன்னும் கண்ணுக்க நிக்குது.

கோண்டாவில் பொடியன்:
அண்ணை, எனக்கு 29. ரத்தம் உள்ள நிக்காம நாளத்தால திரும்பி ஒழுகுது எண்டு எழுதித் தந்துவிட்டினம், இருதயம் தளருற நேரத்துக் கடைசி வேகம் செக்கனுக்கு 5 சென்ரிமீற்றருக்கு மேல நிண்டதாம். கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம், அந்தத் தாளை மூண்டு மாசம் மோட்டச்சைக்கிள் சீற்றுக்குக் கீழ ஒளிச்சு வைச்சிருந்தனான். பிறகு கொழும்பில திரும்ப எடுத்தன், அல்ப்ரோஸ்டடில் எண்ட அந்த ஊசி மருந்தை ரெண்டாந்தரமும் போட்டு, லைற்றைக் குறைச்சு, தனிய விட்டிட்டுப் போச்சினம். ஒழுக்கும் இல்லை ஒண்டும் இல்லை. பயத்தில அட்ரினலின் ஏறினா ஊசி வேலை செய்யாதாம், முதல் இடத்தில கதவு ரெண்டுதரம் திறபட்டது.

ஓய்வுபெற்ற வாத்தி:
நான் எடுத்தது 2016ல, பிரச்சினையில்லை. சைக்கிள்காரன், குடையை விடும், ஈசீஜி எடுத்தனீரோ? அந்த நாடி ஒண்டு ரெண்டு மில்லிமீற்றர், இருதயத்து நாடி மூண்டு நாலு, சின்னக் குழாய்தான் முதல் அடைபடும், அதால இதுக்குப் பிறகு ரெண்டு மூண்டு வருசத்தில நெஞ்சுநோ வாறாக்கள் இருக்கினம். கொலஸ்ட்ரோலும் பாரும். நெஞ்சுநோவுக்கு நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசை பாவிச்சா சில்டெனாஃபில், அதான் வயாகரா, தொடவே கூடாது. ஊசி போட்டு நாலு மணித்தியாலம் கழிஞ்சும் விறைப்பு இறங்காட்டி வீட்டில இருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடும், வெக்கப்பட்டு இருந்தா தசை பழுதாப்போம். சிகரெட்டும் விடும்.

சுன்னாகம்:
வாத்தி, அவர் சிகரெட் பத்தெண்டு சொன்னவரே? எல்லாருக்கும் டொப்ளர் போதாது கண்டியளோ. என்ர மச்சான் அக்சிடன்ற்றில இடுப்பெலும்பு உடைஞ்சவன், அவனுக்கு டொப்ளருக்குப் பிறகு தொடையால வயர் விட்டு, நாடியளை எக்ஸ்ரேயில பாக்கிற அஞ்சியோகிராமும் செய்தவை, எந்த நாடி அறுந்தது எண்டு அதிலதான் தெரிஞ்சது. சீனிக்காரருக்குப் பொதுவா அது தேவைப்படாது.

சைக்கிள்காரன்:
ஈசீஜி எடுத்திட்டன் வாத்தி, இருதய கிளினிக்குக்கும் துண்டு தந்தவை. ஆனா நான் கேட்டது வேற. போன கிழமை கலியாண வீட்டில பெரியப்பா, சுகமே தம்பி எண்டு கேட்டிட்டு நான் வாய் திறக்க முந்திப் பாயாசம் எடுக்கப் போட்டார். இப்பத்தான் யோசிக்கிறன், அவர் எந்த ஸ்கானுக்கு வந்தவர்? அவற்ற பேரைக் கூப்பிடேக்க நான் உள்ளுக்க.