டைமிங் பெல்ட்டைக் கழற்றியாகிவிட்டது. ஆயில் சீல்களையும் மாற்றச் சொல்லலாமா? (அவசரம்)

வேளச்சேரி_பயணி:
அனைவருக்கும் வணக்கம். என்னுடைய பழைய காருக்கு டைமிங் பெல்ட் (இன்ஜினின் வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயங்கவைக்கும் பல் பெல்ட்) மாற்றுவதற்காக வண்டியைப் பட்டறையில் விட்டிருக்கிறேன். பெல்ட்டைக் கழற்றிய மெக்கானிக், உள்ளே எல்லாம் ஆயில் பிசுக்காக இருக்கிறது, ஆயில் ஒழுகாமல் தண்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையமான சீலைப் புதிதாகப் போட வேண்டுமானால் தனிச் செலவு ஆகும் என்று தொலைபேசியில் சொன்னார். ஆனால் அவரே, "பழைய வண்டியில் சீலைத் தொட்டால் அதன் பிறகுதான் ஒழுக ஆரம்பிக்கும், துடைத்துவிட்டுப் பெல்ட்டை மட்டும் போட்டுவிடலாம்" என்றும் சொல்கிறார். மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யலாம்?

போரூர்_ஸ்பானர்:
என்ன கார், எந்த வருடத்து மாடல், பெட்ரோலா டீசலா, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற எதையும் நீங்கள் சொல்லவில்லையே சார். சான்ட்ரோவுக்கு ஒரு பதில், பழைய சிட்டிக்கு வேறு பதில். 2003-க்குப் பின் வந்த சிட்டி என்றால் அதில் பெல்ட்டே கிடையாது, செயின்தான்.

மயிலை_மாருதி:
பிசுக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். கீழே கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) புல்லிக்குப் பின்னாலா, மேலே கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) புல்லிக்குப் பின்னாலா, அல்லது இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரிலிருந்து வழிந்து இறங்கியதா? ஈரமாக மின்னுகிறதா, தூசு படிந்து கறுத்துக் காய்ந்திருக்கிறதா? ஆயில் எப்போதும் கீழே வந்துதான் சொட்டும் என்பதால், சொட்டும் இடத்தை மட்டும் பார்த்துக் கிராங்க் சீலைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது.

ஓய்வுபெற்ற_ஃபிட்டர்:
சீலை மாற்றுவதற்கு முன் பி.சி.வி. வால்வைப் பாருங்கள். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை இன்டேக் பக்கம் திருப்பி அனுப்புவது அந்த வால்வுதான். அது அடைத்துக்கொண்டால் கிராங்க் கேசுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் மீறி ஆயில் வெளியே வரும். வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் மூடியைத் திறந்து, புகை வேகமாகத் தள்ளுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

போரூர்_ஸ்பானர்:
ஐயா, பெல்ட் கழன்று கிடக்கிற வண்டியை எப்படி ஐடிலில் ஓடவிடுவது?

ஓய்வுபெற்ற_ஃபிட்டர்:
சரி, வால்வைக் கழற்றிக் கையில் வைத்துக் குலுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான். விலை ஒன்றும் அதிகமில்லை.

பழுதுநோக்கி:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கும் வழக்கம் மட்டும் யாருக்கும் வரவில்லை. பெல்ட்டை எடுத்துவிட்டால் கேம் சீலுக்கும் கிராங்க் சீலுக்கும் ஏறத்தாழ வழி திறந்தாகிவிட்டது. இன்று மாற்றினால் கூடுதலாக ஒரு மணி நேரக் கூலி. ஆறு மாதம் கழித்து ஒழுகினால் இதே வேலையை முழுவதும் மறுபடி செய்ய வேண்டும், ஆயில் பட்ட புதுப் பெல்ட்டையும் தூக்கி எறிய வேண்டும். ஆயில் ஊறினால் பெல்ட்டின் ரப்பர் உப்பி மென்மையாகும், பற்கள் பெயரும். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

வேளச்சேரி_பயணி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5, பெட்ரோல். மீட்டரில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் காட்டுகிறது. முந்தைய உரிமையாளர் பெல்ட் மாற்றியதாகச் சொன்னாரே தவிர ரசீது எதுவும் தரவில்லை. மெக்கானிக் அனுப்பிய படத்தில் கீழ்ப் புல்லியைச் சுற்றி ஈரம் இருக்கிறது, மேலேயும் கொஞ்சம் இருக்கிறது. படத்தை இங்கே ஏற்ற முடியவில்லை.

போரூர்_ஸ்பானர்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி பதில்களுக்கு வேலையே இருந்திருக்காது. இது ஹோண்டாவின் டி வரிசை இன்ஜின். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும் வகை என்பதால், ரசீது இல்லாத பெல்ட்டை மாற்ற நீங்கள் எடுத்த முடிவு சரியானது; சென்னை வெயிலில் வருடக் கணக்கில் நின்ற ரப்பர், கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் இறுகிவிடும். முன்பக்கக் கிராங்க் சீல் ஆயில் பம்ப் உறைக்குள் அமர்ந்திருக்கிறது, கேம் சீல் மேலே ஹெட்டின் முனையில் இருக்கிறது; இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். இந்த இன்ஜினில் வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவதும் இதே பெல்ட்தான். அதனால் பம்ப்பையும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் இப்போதே மாற்றாவிட்டால் கூலியை இரண்டு முறை கொடுப்பீர்கள். மேல் ஈரத்துக்கு டேப்பட் கவர் கேஸ்கெட்டும் காரணமாக இருக்கலாம், அதையும் கூடவே போட்டுவிடுங்கள். கிராங்க்கின் பின்பக்க சீலைப் பற்றி இப்போது பேச வேண்டாம்; அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்ச் வேலை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: பெரும்பாலான இன்ஜின்கள் கடிகார முள் திசையில் சுழலும், ஆனால் இது புல்லிப் பக்கமிருந்து பார்த்தால் எதிர்த் திசையில் சுழலும். டென்ஷன் வைக்கும்போது மெக்கானிக் பழக்கதோஷத்தில் மறு பக்கம் திருப்பிவிடக் கூடாது. கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே சாவியைத் தொட வேண்டும்.

அம்பத்தூர்_லேத்:
"தொட்டால் ஒழுகும்" என்று உங்கள் மெக்கானிக் சொல்வதிலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அப்படி ஒழுகுவது சீலின் குற்றமன்று, கழற்றும் கையின் குற்றம். திருப்புளியை உள்ளே விட்டு நெம்பும்போது கிராங்க்கின் வழவழப்பான பரப்பில் ஒரு கீறல் விழுந்தால், எந்தப் புதுச் சீலும் அங்கே நிற்காது. பழைய சீலின் முகத்தில் சிறு துளையிட்டு, ஒரு ஸ்க்ரூவைப் பாதி ஏற்றி, குறடால் பிடித்து நேராக இழுத்தால் ஷாஃப்ட்டின் மேல் எதுவும் படாது. வந்த பிறகு ஷாஃப்ட்டைத் துடைத்து, நகத்தால் வருடிப் பாருங்கள். சீலின் உதடு (ஷாஃப்ட்டைத் தொடும் உள்விளிம்பு) உராய்ந்த தடம் நகத்தில் தட்டினால், இடமிருக்கும் பட்சத்தில் புதுச் சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி அமர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ஷாஃப்ட்டின் மேல் மெல்லிய உறை (ஸ்லீவ்) ஏற்ற வேண்டும். ஷாஃப்ட்டில் வெட்டியிருக்கும் பள்ளமான சாவிக்காடியின் விளிம்பு உதட்டைக் கிழிக்கும். அதன்மேல் மெல்லிய டேப்பைச் சுற்றிக்கொண்டு, உதட்டில் இன்ஜின் ஆயில் தடவி ஏற்றுங்கள். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலை நோக்கி இருக்க வேண்டும். சீலின் வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் குழாயை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். ஒரு பக்கம் முந்தினால் அதோடு முடிந்தது.

பழுதுநோக்கி:
துளையிடும்போது உதிரும் இரும்புத் துகள் எங்கே போகும் என்று யோசித்தீர்களா? முனையில் துணி சுற்றிய கொக்கி எத்தனை காலமாக இருக்கிறது! அத்துடன், எல்லாச் சீலுக்கும் ஆயில் தடவலாம் என்று பொதுவாக எழுதுவதும் தவறு. டெஃப்லான் உதடு கொண்ட சீல்களை உலர்வாகத்தான் பொருத்த வேண்டும்.

அம்பத்தூர்_லேத்:
துரப்பண முனையில் கிரீஸ் தடவினால் துகள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், மிச்சத்தைத் துணியால் எடுத்துவிடலாம். இந்த வண்டிக்கு வருவது ஸ்பிரிங் வைத்த ரப்பர் உதட்டுச் சீல். டெஃப்லான் பேச்சு இங்கே எதற்கு?

மயிலை_மாருதி:
சீல் எங்கே வாங்குவது என்பதும் முக்கியம். ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் பழைய சீலையே கையில் கொடுத்துக் கேளுங்கள். அதன் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் மில்லிமீட்டரில் அச்சாகியிருக்கும். புதுப்பேட்டையில் கழற்றிய கதவும் கண்ணாடியும் தாராளமாக வாங்கலாம், சீலை மட்டும் அங்கே வாங்காதீர்கள். பழுப்பு நிறமாக இருந்தால் வைட்டான் என்ற வெப்பம் தாங்கும் ரப்பர், அதுவே நல்லது என்று ஒரு கடைக்காரர் எனக்குச் சொன்னார்.

பழுதுநோக்கி:
நிறத்தை வைத்து ரப்பரைச் சொல்ல முடியாது. சாயம் யார் வேண்டுமானாலும் கலக்கலாம். பொருளின் பெயரைப் பெட்டியில் பாருங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டித் தொடர்ந்து ஓடினால் இறுகும், வைட்டான் 200 வரை தாங்கும்.

ஓய்வுபெற்ற_ஃபிட்டர்:
இவ்வளவு எதற்கு? 20டபிள்யூ50 என்ற கெட்டியான ஆயிலை ஊற்றினால் கசிவு தானாகக் குறையும். பழைய வண்டிகளுக்கு எங்கள் காலத்தில் அதைத்தான் ஊற்றினோம்.

போரூர்_ஸ்பானர்:
கசிவு குறைந்தது போலத் தெரியும் ஐயா, நிற்காது. இறுகிப்போன உதட்டுக்குக் கெட்டியான ஆயில் மருந்தாகாது. மேலும் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அது கேம் வரை ஏறத் தாமதமாகும்.

ஓய்வுபெற்ற_ஃபிட்டர்:
சென்னையில் எந்தக் காலை குளிர்ந்தது, ஆயில் உறைவதற்கு?

பழுதுநோக்கி:
கேள்வி சீலைப் பற்றியது. ஆயில் தர விவாதத்தை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மயிலை_மாருதி:
கேட்டவர் எங்கே போனார்? மதியம் தாண்டிவிட்டதே.

வேளச்சேரி_பயணி:
எல்லோருக்கும் நன்றி. கேம் சீல், கிராங்க் சீல், டென்ஷனர், வாட்டர் பம்ப், டேப்பட் கவர் கேஸ்கெட் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டேன். பழைய கிராங்க் சீலின் உதடு பிளாஸ்டிக் போல இறுகி, வளைத்தபோது வெடித்ததாம். ஷாஃப்ட்டில் தடம் லேசாகத்தான் இருக்கிறது, நகத்தில் தட்டவில்லை என்றார். வண்டி மாலையில் வருகிறது.

ஓய்வுபெற்ற_ஃபிட்டர்:
நல்லது. பி.சி.வி. வால்வைக் குலுக்கிப் பார்த்தார்களா?

அம்பத்தூர்_லேத்:
பழைய சீலை நெம்பி எடுத்தாரா, இழுத்து எடுத்தாரா என்றும் கேட்டுச் சொல்லுங்கள் சார்.