புதுப்பிப்பு: வீட்டில் கட்டிய கலத்ராவா பாணிக் கைக்கடிகாரம் ஆறு மணிக்கு நின்ற சிக்கல் தீர்ந்தது

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. 1932-இல் சுவிஸ் கடிகார நிறுவனமான பட்டேக் பிலிப் வெளியிட்ட கலத்ராவா 96 என்ற கைக்கடிகாரத்தை முன்மாதிரியாக வைத்து, 2.5 மி.மீ. தடிமனே உள்ள பெசோ 7001 மூவ்மென்டில் (கடிகாரத்தை ஓட்டும் உள் இயந்திரம்) நான் கட்டிய கைக்கடிகாரம் ஆறு மணியளவில் நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன்.

எண்ணெய் காய்ந்திருக்கும் என்றார் ஒருவர்; மணி முள் டயலில் ஆறு மணிப் பக்கம் உள்ள சிறிய வினாடி முள்ளில் இடிக்கிறது என்றார் இன்னொருவர். இரண்டாமவர் சொன்னதே சரி. கடிகாரத்தைப் பக்கவாட்டில் பிடித்து லூப்பில் (கண்ணில் வைக்கும் உருப்பெருக்கி) பார்த்தபோது, வினாடி முள்ளின் நடுக்குமிழ் மணி முள்ளின் அடிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வினாடி முள்ளை மேலும் அழுத்தினால் டயலில் உரசும் என்பதால், மணி முள்ளை மயிரிழை உயர்த்திப் பொருத்தினேன், அதன்பின் நிற்கவில்லை.

எதிர்பாராதது ஒன்று: ஓடத் தொடங்கியபின் நாளுக்குச் சில நிமிடங்கள் முந்தியது. காந்தமேறிய ஹேர்ஸ்பிரிங்கின் (வேகத்தை நிர்ணயிக்கும் மெல்லிய சுருள்வில்) சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் இப்படித்தான் ஆகும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் தொடாமல், மலிவான டீமேக்னடைசரில் (காந்தம் நீக்கும் கருவி) ஒருமுறை காட்டியதுமே வேகம் சீரானது. சாமணத்திலும் காந்தம் ஏறியிருக்கலாம் என்று அதையும் அதிலேயே காட்டி எடுத்தேன்.