சின்ன அறைக்குள் ஷாட்கன் மைக்: யார் சொல்லிக் கொடுத்தது?

காதுள்ளவன்:
ஒரு வீடியோவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்: வசனம் பதிய ஷாட்கன் மைக்தானாம் (பக்கத் துளைகள் போட்ட நீளக் குழாய் உள்ள மைக்), காமிரா மேல் மாட்டினால் போதுமாம், பத்தடி தள்ளிப் பேசினாலும் பக்கத்தில் பேசுவது போல் கேட்குமாம். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஷாட்கன் எந்தக் குரலையும் அருகில் கொண்டுவராது. பக்கவாட்டில் வரும் ஒலியைக் குறைக்கும், அதுவும் முழுதாக இல்லை. சென்ஹைசர் எம்கேஹெச் 416 என்ற ஷாட்கன் மைக்கின் நீளம் 25 செ.மீ. ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. அலைநீளம் 25 செ.மீ. ஆகும் இடம் 1372 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே அலை குழாயைவிட நீளம்; போகப் போகக் குழாய்க்கு வேலை இல்லை, அதுவும் சாதாரண சூப்பர்கார்டியாய்டுதான், அதாவது முன்பக்க ஒலியை அதிகமாக வாங்கும் குழாயில்லா மைக் மாதிரிதான். ஆண் குரலின் அடிப்படையோ 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. அறையின் முழக்கமும் இந்தக் கீழ் அதிர்வெண்களில்தான். அறைக்குள் பதிய எம்கேஹெச் 50 மாதிரி குழாய் இல்லாத குட்டை மைக் எடுங்கள்.

பூம்பாண்டி:
அண்ணே, கால்குலேட்டரை வைத்து யாரும் படம் எடுப்பதில்லை. 416 வந்தது 1970-களில். இன்றைக்கும் பூம் கம்பின் (நடிகர் தலைக்கு மேலே மைக்கை நீட்டிப் பிடிக்கும் கம்பு) நுனியில் அதுதான் இருக்கிறது. அறைக்குள்ளும் நான் அதைத்தான் பிடிக்கிறேன். எந்த இயக்குநரும் குறை சொன்னதில்லை.

காதுள்ளவன்:
இயக்குநர் சொல்ல மாட்டார். மிக்ஸிங்கில் உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள். சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் குரல் குழாயின் பக்கத் துளைகள் வழியாக நுழைகிறது. மேல் அலைகளை ஒரு மாதிரி வெட்டும், கீழ் அலைகளை அப்படியே விடும். மிஞ்சுவது பானைக்குள் பேசிய குரல். நடிகர் இரண்டு அடி எடுத்து வைத்து மைக் நோக்கும் நேர்க்கோட்டை விட்டு விலகினால் குரலே மங்கிப்போகும். திரும்பவும் சொல்கிறேன்: 1372.

சத்தமில்லாதவன்:
ஒரு சின்னத் திருத்தம். 25 செ.மீ. என்பது மைக்கின் மொத்த நீளம். பின்பக்கம் மின்சுற்று இருக்கிறது. துளை போட்ட குழாய் அதைவிடக் குட்டை. ஆகவே 1372 தவறு.

காதுள்ளவன்:
குழாய் குட்டையானால் அந்த எண் இன்னும் மேலே போகும் ஐயா! என் வாதத்துக்குத்தானே பலம்?

சத்தமில்லாதவன்:
யாருக்குப் பலம் என்பது என் கவலை இல்லை. 1372 தவறு என்றேன்.

பூம்பாண்டி:
அப்படிப் போடுங்க! எண்ணே தப்பு. அதை வைத்துக்கொண்டா இவ்வளவு நேரம் பாடம் எடுத்தார்?

புதுக்காமிரா:
நான் இதற்குப் புதிது. சின்ன அறை, ஒருவர் உட்கார்ந்து பேசுவார். எதை வாங்கலாம்?

காதுள்ளவன்:
தம்பி, மைக்கை விடு, தூரத்தைப் பார். தலைக்கு மேலே, ஃபிரேமுக்கு வெளியே, இரண்டடிக்குள் தொங்கவிட்டு வாயை நோக்கிச் சாய்த்து வை. தூரம் இரு மடங்கானால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் விழும். அறையின் எதிரொலியோ அநேகமாக அப்படியே இருக்கும். காமிரா மேல் மாட்டாதே. திரைச்சீலை, மெத்தை என்று கிடைத்ததைச் சுற்றித் தொங்கவிடு. மற்றபடி பூம்பாண்டி சொல்வதைக் கேட்காதே. ரோட் என்டிஜி2 என்ற இன்னொரு ஷாட்கனின் சுயஇரைச்சல் (மைக்கே உண்டாக்கும் இரைச்சல்) 18 டெசிபல், 416-இல் 13, இந்த வித்தியாசம் காதில் விழாது என்று முன்பு சண்டை போட்டவர் இவர்தான்.

பூம்பாண்டி:
அந்தப் பழைய கதையை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? ஏசி ஓடும் இடத்தில் எவன் காதில் விழும் என்றுதான் கேட்டேன், அதற்கு இன்னும் பதில் வரவில்லை. சரி, ஈரக்காற்றுக்கு என்ன சொல்கிறீர்கள்? சாதாரணக் கண்டென்சர் மைக் பொரிய ஆரம்பிக்கும். 416-இன் உள் மின்சுற்று ரேடியோ அதிர்வெண் முறையில் இயங்குவதால் தாங்கும்.

காதுள்ளவன்:
எம்கேஹெச் 50-உம் அதே முறைதான். எம்கேஹெச் வரிசை முழுக்க அப்படித்தான். தெரியாதா?

பூம்பாண்டி:
தெரியும். கடலோரத்தில் நின்று பிடித்திருக்கிறீர்களா?

காதுள்ளவன்:
அறைக்குள் கடல் எங்கே வந்தது?

சத்தமில்லாதவன்:
1372-ஐ இன்னும் திருத்தவில்லை.

காதுள்ளவன்:
திருத்த மாட்டேன். "போகப் போக" என்று எழுதியிருக்கிறேன், படியுங்கள். கோடு கிழித்தாற்போல் அந்த இடத்தில் நிற்கும் என்று நான் எங்கே சொன்னேன்? பூம்பாண்டிக்கு ஒரே கேள்வி: அறைக்குள் 416-இல் பதிந்த ஒரு நிமிடத்தைப் போடுங்கள், கை வைக்காமல்.

பூம்பாண்டி:
தயாரிப்பாளர் சொத்து. உங்களுக்காக எடுத்துப் போட முடியாது.

காதுள்ளவன்:
தெரிந்ததுதான்.

பூம்பாண்டி:
என்ன தெரிந்தது? நீங்கள் போடுங்களேன், அந்த எம்கேஹெச் 50-இல் பதிந்ததை. சொந்தமாக வைத்திருக்கிறீர்களா, இல்லை கையேட்டை மட்டும் வைத்திருக்கிறீர்களா?

புதுக்காமிரா:
அண்ணன்களா, சட்டைக் காலரில் மாட்டும் குட்டி மைக் பரவாயில்லையா?

காதுள்ளவன்:
அது தனி விவாதம் தம்பி. பூம்பாண்டி, வாடகைக்கு எடுத்தாலும் மைக் மைக்தான். பதிவு எங்கே?