9 வயது மகளுக்கு இஸ்லாம் பற்றிய படப்புத்தகம் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். ரமலான் மாதம் முழுவதும் பக்கத்து வீட்டு அக்கா எங்களுக்குத் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார். என் 9 வயது மகள் அதைக் குடித்துக்கொண்டே கேள்விகளை அடுக்கினாள். போன வருடம் ரமலான் வேறு தேதியில் வந்ததே, ஏன்? பிறையைக் கொண்டு கணக்கிடும் ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாட்கள்தான், அதனால் 11 நாள் முன்னே நகர்கிறது என்று சொல்லிவிட்டேன். தொழுகைக்கு முன் ஏன் முழங்கை வரை கழுவுகிறார்கள், மெக்காவில் இருக்கும் அந்தக் கறுப்புக் கட்டடம் எது என்று கேட்டபோது திணறிப்போனேன்.

கடையில் கிடைத்தவை எல்லாம் பெரியவர்களுக்கானவை. பொடி எழுத்து, படமே இல்லை, ஸகாத், கிப்லா போன்ற சொற்களுக்கு விளக்கமும் இல்லை. ஐந்து கடமைகளையும், தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளு செய்யும் முறையையும் படம் படமாகக் காட்டும் எளிய தமிழ்ப் புத்தகம்தான் எனக்கு வேண்டும். நபிகளை உருவமாக வரையாத நூலாக இருக்க வேண்டும். அக்கா வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து புரட்டப்போகும் புத்தகம் அது. கீழக்கரைப் பழைய பள்ளிவாசலின் கல்தூண்கள் போல நம் ஊர்ப் படங்களும் இருந்தால் மிகவும் மகிழ்வேன்.

உங்கள் பிள்ளைகள் விரும்பிப் படித்த நூலின் பெயர், பதிப்பகம், விலை தெரிந்தால் எழுதுங்கள். தமிழில் இல்லையென்றால் ஆங்கிலமும் சரி, நான் படித்துச் சொல்லிக்கொடுத்துவிடுவேன்.