சூதாட்டப் பாதிப்பைக் குறைக்கும் அறக்கட்டளை: நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் சந்திப்பவை (கடலூர் – புதுச்சேரி)

செயலாளர், மஞ்சக்குப்பம்

சூதாட்டத்தில் கடன்பட்டு வருகிறவரைப் பற்றி, புதிதாக அறங்காவலர் ஆகிறவர்கள் முதல் கூட்டத்திலேயே கேட்பது இதைத்தான்: "பாவம், புள்ளகுட்டிக்காரர். கடனை நாமளே அடைச்சுட்டா என்ன?" செய்யவே கூடாது. கடன் தீர்ந்த மறுநாளே அதே வட்டிக்காரரிடம் அவருக்கு மறுபடி கடன் கிடைக்கும். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வேகம் அடங்காதவரை, கைக்கு வரும் காசு ஆட்டத்துக்குத்தான் போகும். ஒரு வீட்டுக்கு அடைத்தோம் என்று தெரிந்தால் அதே வட்டிக்காரர் மற்ற வீட்டுக்காரர்களையும் நம் வாசலுக்கு அனுப்புவார்.

இதை வாய்ப்பேச்சாக விடாமல் தீர்மானமாகவே எழுதி வையுங்கள்: பாதிக்கப்பட்டவர் கையிலோ கடன் கொடுத்தவர் கையிலோ பணம் தருவதில்லை. பள்ளிக் கட்டணம் என்றால் பள்ளியின் பெயருக்கு, மருந்து என்றால் கடை பில்லுக்கு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்போடு. தீர்மானம் இருந்தால்தான், நாளைக்குத் தெரிந்தவர் வந்து கண்ணைக் கசக்கும்போது ஊழியர் தனியாக மாட்டிக்கொள்ள மாட்டார்.

பணத்தைவிடக் கடன் பட்டியல் போட்டுக் கொடுப்பது பெரிய உதவி. ஒரே தாளில் ஐந்து கட்டம்: யாரிடம், அசல் எவ்வளவு, மாத வட்டி எவ்வளவு, என்ன அடமானம், யார் ஜாமீன். அடமானக் கட்டத்தில்தான் விஷயம் வெளியே வரும். மனைவியின் நகை, வண்டியின் ஆர்.சி. புக், நிரப்பாத பத்திரம், கையெழுத்து மட்டும் போட்ட வெற்று செக். செக் திரும்பி வக்கீல் நோட்டீஸ் வந்தால், பணத்தைக் கட்ட, அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு அழுதுகொண்டிருப்பார்கள். அன்றைக்கே நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். கந்துவட்டி மிரட்டல் என்றால் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டுப் பக்கத்துக்கு இருக்கிறது.

ஆடிட்டர், புதுச்சேரி

சார் செலவைச் சொன்னார், நான் வரவைச் சொல்கிறேன். இந்தத் துறையில் குழுவுக்கு வரும் பெரிய சோதனை நன்கொடைதான். கேமிங் கம்பெனியிலிருந்து சி.எஸ்.ஆர். பணம் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி) தருகிறோம் என்று அழைப்பு வரும். தொகை நம் ஆண்டு வரவு செலவையே தாண்டும். பதிலுக்கு ஒன்றும் வேண்டாம், "பொறுப்பாக விளையாடுங்கள்" என்ற பேனரில் அவர்கள் லோகோ இருந்தால் போதும் என்பார்கள். அந்த பேனர் அவர்களுக்கு விளம்பரம், நமக்கு வாய்ப்பூட்டு. பிரிட்டனில் இந்தத் துறை அமைப்புகள் பல காலம் கம்பெனிகள் தாமாகத் தரும் நன்கொடையை நம்பி நடந்து, "சூதாட்டக் காசில் சூதாட்ட எதிர்ப்பா" என்ற கேள்வியை விடாமல் சந்தித்தன. 2025 ஏப்ரலில் அங்கே கட்டாய லெவி (சூதாட்டக் கம்பெனிகள் கட்டியே ஆகவேண்டிய தொகை) வந்தது: பாதி சிகிச்சைக்கு, 30 சதவீதம் தடுப்புக்கு, 20 சதவீதம் ஆய்வுக்கு. கொடுக்கிறவர் இஷ்டத்துக்கு விடாமல் சட்டமே வாங்கித் தருகிறது. நம் ஊரில் அப்படி ஏற்பாடு இல்லாததால் குழுதான் கோடு போட வேண்டும். ஆட்டத்தில் வருமானம் பார்க்கும் எவரிடமும், அவர்களுக்கு விளம்பரம் செய்து சம்பாதிக்கும் எவரிடமும் வாங்குவதில்லை என்று ஒரு வரி போதும். அழைப்பு வருவதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். தொகையைக் கேட்டபிறகு கொள்கை எழுத உட்கார்ந்தால் குழு இரண்டாகப் பிரியும்.

புதுச்சேரிக்காரர்கள் இதைக் கவனியுங்கள். இங்கே தெருவுக்குத் தெரு பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள். பெரியவர் பக்கத்து வீட்டில்தான் இருப்பார், வேட்டி கட்டிக்கொண்டு இந்திய ரூபாயில் பத்தாயிரம் கொடுப்பார். சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கவே முடியாது. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவருக்கும் இதே கதி. ஆனால் பாரிசில் வேலை பார்க்கும், இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் பையன் சொந்தச் சம்பாத்தியத்தில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ரசீது எழுதும்போது ஆளைப் பார்க்காதீர்கள், பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். அந்தப் பதிவு வாங்க அமைப்புக்கு மூன்று ஆண்டு வயதும், அந்த மூன்று நிதியாண்டில் நோக்கத்துக்காக 15 லட்சம் செலவும் ஆகியிருக்க வேண்டும். அதனால் புது அமைப்புகள் இதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

மற்றவை எல்லாருக்கும் தெரிந்ததே. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வந்தால் கொடுத்தவருக்கு நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி என்பார்கள்) கிடையாது. அறங்காவலரின் தம்பி கட்டடத்தை ஊர் வாடகையைவிட அதிகம் கொடுத்து எடுத்தால் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு போகும்.

வழக்கறிஞர், திருப்பாதிரிப்புலியூர்

கடலூர் – புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டினால் சட்டம் மாறும் என்பதைக் குழு நினைவில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டின் 2022 ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் கடலூருக்கு உண்டு, புதுச்சேரிக்கு இல்லை. அதில் ஆடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கரை அந்தத் தடையிலிருந்து விடுவித்தது. பிறகு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எல்லாவற்றையும் தொடுகிறது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரத்துக்கு இரண்டாண்டு, 50 லட்சம். ஆடுபவருக்குத் தண்டனை வைக்கவில்லை.

"உங்களிடம் சொன்னால் போலீஸ் வருமா?" என்று கேட்பவருக்கு ஊழியர் என்ன பதில் சொல்லலாம் என்பதைக் குழு ஒரு வக்கீலை வைத்து எழுதி வாங்க வேண்டும். "ஒண்ணும் ஆகாது" என்று வாய்க்கு வந்தபடி சொல்லக்கூடாது. மூணு நம்பர் லாட்டரி இரண்டு பக்கமும் திருட்டுத்தனமாக ஓடுவதுதான். தமிழ்நாட்டில் லாட்டரிக்கே 2003 முதல் தடை.

இன்னொரு சிக்கல். ஊரில் செல்வாக்கானவர் என்று மனமகிழ் மன்றச் செயலாளரைக் குழுவுக்கு அழைப்பார்கள். மன்றத்தில் சீட்டாட்ட மேசை இருக்கும். நல்ல மனிதராகவே இருக்கட்டும், வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு உறுப்பினரும் எழுதித் தரவேண்டிய உறுதிமொழி ஒன்று வையுங்கள்: எனக்கோ என் குடும்பத்துக்கோ மன்றம், வட்டித்தொழில், சீட்டு கம்பெனி, கேமிங் பங்கு இவற்றில் எது இருக்கிறது. "இல்லை" என்றாலும் எழுதிக் கையெழுத்து வேண்டும். சங்கமாகப் பதிந்திருந்தால் தமிழ்நாட்டுச் சட்டப்படி குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேல் போகாது, பொருந்தாதவரை அப்போது மாற்றலாம். டிரஸ்டில் ஆயுள்கால அறங்காவலர் என்று எழுதியிருந்தால் நீக்குவது பெரும்பாடு. ஆவணம் எழுதும்போதே விலகல், நீக்கம், திருத்தம் மூன்றுக்கும் பிரிவு சேருங்கள்.

மனநலச் சமூகப் பணியாளர், கோரிமேடு

ஆட்டத்திலிருந்து மீண்டவர் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்றவர்கள் "மனக்கட்டுப்பாடு இல்லை" என்று சொல்லும் இடத்தில், நடப்பது என்ன என்று அவரால்தான் சொல்ல முடியும். ஒரு பேங்க் ஸ்டேட்மெண்டை அவர் முன் வைத்தால் போதும். இரவு ஒரு மணிக்கு 100, நாலு நிமிடம் கழித்து 200, பிறகு 500, 500, 1,000. நடுவே 800 வரவு, உடனே 2,000 செலவு. "இந்த 800 ஜெயிச்சது. இங்கதான் சிக்குனாரு" என்று விரல் வைத்துக் காட்டுவார். மூணு நம்பர்காரர்களுக்கு ஸ்டேட்மெண்ட் வேறு மாதிரி இருக்கும். கேரளக் குலுக்கல் முடிவின் கடைசி எண்களை வைத்து ஆடுவதால், பகலில் குலுக்கலுக்கு முன் தினமும் ஏதோ ஒரு தனிநபர் எண்ணுக்குச் சின்னத் தொகை போயிருக்கும்.

ஆனால் மீண்டவரிடம் செக் கையெழுத்து அதிகாரமோ வங்கிச் செயலியோ கொடுக்கக் கூடாது. அவமதிப்பதற்காக இல்லை, அவருக்கே பாதுகாப்பு. மறுபடி ஆடிவிட்டால் என்ன என்பதையும் முன்பே அவரோடு பேசி எழுதுங்கள்: சில மாதம் விடுப்பு, சிகிச்சை, பிறகு திரும்ப வரலாம். நீக்கம் ஒன்றுதான் வழி என்றால் அவர் மறைப்பார்.

குழுக் கூட்டத்தில் பெயர் பேசக் கூடாது. "தேவனாம்பட்டினத்துல அந்த போட்டுக்காரர் பையன்" என்றாலே ஊருக்கே தெரிந்துவிடும். எண் மட்டும் எழுதுங்கள், மினிட்ஸ் புத்தகத்திலும் எண்தான். சூதாட்டப் பாதிப்பை அளக்கும், ஒன்பது கேள்வி உள்ள பி.ஜி.எஸ்.ஐ. அளவுகோலைப் பயன்படுத்துகிறவர்கள் (கடந்த 12 மாதம், மொத்தம் 27, எட்டும் அதற்கு மேலும் என்றால் தீவிரம்) மனைவியையோ அப்பாவையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். மதிப்பெண் குறைந்துதான் வரும், குழுவும் "எல்லாம் லேசான கேஸ்" என்று நம்பிவிடும்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகவே கேட்க ஊழியருக்குப் பயிற்சி கொடுங்கள். கேட்டால் தூண்டிவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஆம் என்றால் தனியாக விடக்கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும். ஜிப்மர் அல்லது கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கு ஆட்டோ பிடிக்கக் குழுவின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று தீர்மானம் வேண்டும். பூச்சிமருந்து வீட்டில் இருக்கிறதா என்று பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பு வீடுகளில் கட்டாயம் கேளுங்கள்.

பொருளாளர், கடலூர் முதுநகர்

மேடம் சொன்ன ஆட்டோ செலவுக்கு நாங்கள் வைத்திருக்கும் முறை: ஊழியர் கையில் 3,000 ரூபாய் சில்லறைச் செலவுப் பணம். செலவான பிறகு வவுச்சரில் கேஸ் எண், தொகை, இடம் மட்டும். மாதக் கடைசியில் நிரப்பிவிடுவோம்.

பட்ஜெட்டை மாதத்துக்குச் சமமாகப் பிரிக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஆண்கள் கரையில் சும்மா இருக்கும் நேரம், நிவாரணப் பணமும் அப்போதுதான் கணக்கில் ஏறும். சீட்டும் போனும் அதைச் சுற்றியே வரும். களப்பணியில் பாதியை அந்த இரண்டு மாதத்துக்கு ஒதுக்குங்கள். மார்ச்சிலேயே ஊர் பஞ்சாயத்தில் பேசி இடம் கேட்டுவிட வேண்டும். தடைக்காலம் தொடங்கிய பிறகு போனால் வலை பின்னும் கொட்டகையில் சீட்டுக் கட்டு ஏற்கெனவே இறங்கியிருக்கும். பெண்களுக்குத் தனிக் கூட்டம் வையுங்கள், மகளிர் குழுத் தவணை கட்டும் நாளில். எந்த வீட்டில் தவணை தவறுகிறது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.