வலிப்பு நோயை ஐந்து வயதுக் குழந்தைக்குப் படக்கதையாகச் சொல்வது எப்படி?

கேள்வி:
என் மகளுக்கு ஐந்து வயது. வலிப்பு நோய் என்று உறுதியாகி, சென்ற ஆண்டிலிருந்து காலையும் இரவும் மருந்து கொடுத்து வருகிறோம். வலிப்பின்போது நடப்பது எதுவும் அவளுக்கு நினைவில் இருப்பதில்லை, கண் விழிக்கையில் சுற்றிலும் அழுத முகங்களைப் பார்த்து, "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்கிறாள். அதை நேரில் கண்ட எட்டு வயது மகனோ, தான் சண்டை போட்டதால்தான் தங்கைக்கு அப்படி ஆயிற்று என்று நம்பி, அவள் பக்கத்தில் படுக்க மறுக்கிறான். இருவருக்கும் வாசித்துக் காட்டத் தக்க படப் புத்தகம் தமிழில் எனக்கு அகப்படவில்லை. நாமே வரைவதானால் எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி (ஒரு தந்தை):
நாங்கள் பள்ளி நோட்டு ஒன்றில் வரைந்தோம். மூளைக்குள் மின்னல் வெட்டுவதாக முதலில் எழுதியது என் பிழை, ஐப்பசி மழையில் இடி இடித்தபோதெல்லாம், "எனக்கு இப்போது வருமா?" என்று கேட்டு மகன் மடியில் ஏறிக்கொண்டான். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்தினால் ஆசிரியர் சொல்வது எவருக்கும் கேட்காதது போல, மூளையின் நரம்புச் செல்கள் ஒரேயடியாகப் பேசும்போது கைகாலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் போகிறது என்று எழுதினோம். இப்போது அதை அவனே பிறருக்கு விளக்குகிறான். பேய் உருவம் எதையும் வரைய வேண்டாம். அந்தப் பேச்சு ஊரில் ஏற்கெனவே போதுமான அளவு உண்டு.

மறுமொழி (தொடக்கப் பள்ளி ஆசிரியை):
மூளையைவிட, குழந்தை காணாத அந்த இரண்டு மூன்று நிமிடங்களைத்தான் நான் முதலில் வரைவேன். யார் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள், யார் மடித்த துண்டைத் தலைக்கடியில் வைத்தார்கள் என்று அவள் பார்க்கட்டும். அண்ணனுக்குக் கடிகாரம் பார்க்கும் வேலையைக் கொடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும் என்பது கதையிலேயே வந்துவிடும். வாயில் எதையும் வைக்கக் கூடாது என்பதற்கும், கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை என்பதற்கும் தனிப் பக்கம் வேண்டும். சாவி ஆணியிலேயே தொங்கட்டும்.

மறுமொழி (செவிலியர்):
துடிப்பில்லாமல், சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடும் வலிப்பும் உண்டு. அதைக் கவனக்குறைவு என்று எண்ணிக் குழந்தையைத் திட்டுவோர் பலர். "முற்றிலும் குணமானாள்" என்று மட்டும் கதையை முடிக்காதீர்கள். முறையாகச் சிகிச்சை பெற்றால் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆயினும், கதை முடிந்த பின் மறுபடி வலிப்பு வந்தால், தான் தோற்றுவிட்டதாகக் குழந்தை நினைத்துவிடும். கடைசியில் சில வெற்றுத் தாள்களை விட்டு வையுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கடிகாரத்தைத் தானே வரைவதாக மகன் சொல்லிவிட்டான். சாவிப் பக்கத்தை அப்பத்தாவிடம் வாசித்துக் காட்டும் பொறுப்பையும் அவனிடமே விட்டிருக்கிறேன்.