தடைக்கால நிவாரணம்: 'அனுப்பப்பட்டது' என்கிறார்கள், வங்கிக் கணக்கில் வரவில்லை

கேள்வி (தங்கச்சிமடம்):
வணக்கம். என் தந்தை விசைப்படகுத் தொழிலாளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திற்குரிய 8,000 ரூபாய், அதே படகில் செல்லும் மற்றவர்களுக்கெல்லாம் வந்துவிட்ட பிறகும் அவருக்கு மட்டும் வரவில்லை. மீன்துறையில் கேட்டால் பணம் அனுப்பப்பட்டுவிட்டதாகத் திரையைக் காட்டுகிறார்கள். வங்கியில் பாஸ்புத்தகத்தைப் பதிந்து கொடுத்து, அப்படி ஒரு வரவே இல்லை என்கிறார்கள். ஆதாரில் தாத்தாவின் பெயர் முதலெழுத்தாகவும் குடும்ப அட்டையில் முழுமையாகவும் இருப்பதால் வந்த சிக்கலா? ஆதாரில் பெயரைத் திருத்திவிடலாமா?

பதில் (கீழக்கரை, இ-சேவை மையப் பணியாளர்):
அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறைதான் மாற்ற முடியும். மேலும், பெயர் ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் விண்ணப்பமே நின்றுவிடும். உங்களுக்குப் பணம் கிளம்பிவிட்டது. அது கணக்கு எண்ணுக்கு அனுப்பப்பட்டதா, ஆதார் எண்ணுக்கா என்று துறையில் கேளுங்கள். ஆதார் எண்ணுக்கு என்றால், நீங்கள் கொடுத்த கணக்கு எண்ணை யாரும் பார்ப்பதில்லை; என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தைக் கையாளும் தேசிய நிறுவனம்) வைத்திருக்கும் பட்டியலில் அந்த ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட வங்கிக்கே பணம் போகும். ஆதார் ஆணையத்தின் மைஆதார் இணையதளத்தில் அந்த வங்கியின் பெயரைப் பார்க்கலாம். தந்தை கரையில் இருக்கும் நாளாகப் பாருங்கள், ஓடிபி வரும் கைப்பேசி அவரோடு கடலுக்குப் போய்விட்டால் ஒன்றும் நடக்காது. எல்லாச் சேவையும் ஓரிடத்தில் என்று பலகை வைத்திருக்கிறோமே தவிர, மீன்துறை, உணவு வழங்கல் துறை, வங்கி ஆகியவற்றின் பதிவேடுகள் தனித்தனியே உருவானவை. ஒன்றில் நேர்ந்த தவறு இன்னொன்றின் திரையில் தெரியாது.

பதில் (தொண்டி):
ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். அடையாளச் சான்றாக ஆதார் நகலை வங்கியில் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் பெறுவதற்காக ஆதாரை இணைப்பது வேறு. பின்னதற்குத் தனியாக ஒப்புதல் படிவம் தர வேண்டும். இது தெரியாமல் நான் இரண்டு மாதம் அலைந்தேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. தளத்தில் வேறொரு வங்கியின் பெயர் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் கடனுக்காக இராமேஸ்வரத்தில் தொடங்கி, கடன் கிடைக்காததால் மறந்தே போன கணக்கு. பணம் அதில்தான் இருக்கிறது. தந்தை வழக்கமாகப் பயன்படுத்தும் வங்கிக்கே இணைப்பை மாற்ற, அந்த வங்கியில் படிவம் கொடுத்துவிட்டோம். என் தாயாரின் மகளிர் உரிமைத் தொகைக்கும் இதனால் பாதிப்பு வருமா?

பதில் (கீழக்கரை):
வராது. அவருடைய ஆதாருக்கு இணைப்பு தனி. தந்தையின் இணைப்பு மாறிவிட்டதா என்பதைச் சில நாள் கழித்து அதே பக்கத்தில் மறுபடி பாருங்கள். அதுவரை இராமேஸ்வரம் கணக்கை மூடச் சொல்லாதீர்கள்.